இஸ்ரேலை விமர்சித்தால் அது யூத வெறுப்பா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்க நாடாளுமன்றத்தில் 2016-ஆம் ஆண்டு முதல் பேசப்பட்டு வரும் யூத வெறுப்பு விழிப்புணர்வு மசோதாவைப் பற்றியும், அதே பொருளில் பிற நாடுகளில் உள்ள சட்டங்களைப் பற்றியும் வந்த கடிதங்களிலிருந்து சில கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துச் சுருக்க வேண்டியிருந்தது.

கேள்வி: இஸ்ரேல் அரசைக் குறை சொன்னாலே அமெரிக்காவில் இனிச் சிறைதான் என்று முகநூலில் ஒருவர் எழுதியிருந்தார். அந்த மசோதா உண்மையில் என்னதான் சொல்கிறது?
— வாசகர், தஞ்சாவூர்

சிறை என்பது மிகை. அந்த மசோதாவில் தண்டனைப் பிரிவு என்று ஒன்று கிடையாது. 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தில் ஆறாம் தலைப்பு என்று ஒரு பகுதி உண்டு. மத்திய அரசிடம் நிதி பெறும் எந்த நிறுவனமும் இனம், நிறம், பூர்விக நாடு ஆகியவற்றின் பெயரால் எவரையும் பாகுபடுத்தக் கூடாது என்பது அதன் சாரம். இந்தப் பட்டியலில் மதம் இல்லை என்பதைக் கவனியுங்கள். யூதர்களை மதத்தவராக மட்டும் பார்த்தால் அவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது என்பதால், பொதுவான வம்சாவளி உடையவர்கள் என்ற அடிப்படையில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளும் விளக்கத்தை அமெரிக்கக் கல்வித் துறை 2004-ஆம் ஆண்டு முதல் கடைப்பிடித்து வருகிறது. அது நியாயமான விளக்கம் என்றே நான் கருதுகிறேன்.

புதிய மசோதா இதற்குமேல் ஒரு படி ஏறுகிறது. யூத மாணவர் ஒருவர் தன் கல்லூரியில் துன்புறுத்தப்பட்டதாகப் புகார் தந்தால், அதை விசாரிக்கும் கல்வித் துறை, ஐ.எச்.ஆர்.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும், நாஜிகளின் யூத இனப்படுகொலையை நினைவுகூரும் சர்வதேசக் கூட்டமைப்பு வகுத்த யூத வெறுப்பு வரையறையையும் அதற்குரிய எடுத்துக்காட்டுகளையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. 2024 மே 1 அன்று பிரதிநிதிகள் சபையில் 320-க்கு 91 என்ற வாக்குகளில் இது நிறைவேறியது. செனட் அதை எடுத்துக்கொள்ளாததால் அந்த நாடாளுமன்றத்தின் காலத்தோடு காலாவதியாகி, 2025-இல் மீண்டும் கொண்டுவரப்பட்டு, செனட் குழுவில் சில திருத்தங்கள் ஏறிய பிறகு முடிவு எட்டாமல் நின்றது. ஆனால் இதே வரையறையைக் கருத்தில் கொள்ளும்படி 2019 டிசம்பரில் டிரம்ப் பிறப்பித்த நிர்வாக ஆணை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. சிறைக்குப் பயப்பட வேண்டியதில்லை என்றாலும், அரசு நிதி நின்றுபோகுமோ என்று பல்கலைக்கழக நிர்வாகம் பயந்தால் அந்தப் பயம் வகுப்பறை வரை இறங்கி வரும்.

கேள்வி: வெறுப்பு எது என்று வரையறுத்துக்கொள்வதில் என்ன தவறு? வரையறை இல்லாமல் ஒரு குற்றத்தை எப்படி அடையாளம் காண்பது? அந்த வரையறையிலேயே இஸ்ரேலை விமர்சிக்கலாம் என்று இருப்பதாகவும் படித்தேனே.
— வாசகி, மதுரை

நீங்கள் படித்தது சரி. 2016 மே மாதம் புக்கரெஸ்ட் நகரில் ஏற்கப்பட்ட அந்த வரையறை, வேறெந்த நாட்டின்மீதும் வைக்கப்படுவது போன்ற விமர்சனம் இஸ்ரேல்மீது வைக்கப்பட்டால் அதை யூத வெறுப்பாகக் கொள்ள முடியாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. சட்டப்படி கட்டுப்படுத்தாத நடைமுறை வரையறை என்றும் தன்னைத் தானே அழைத்துக்கொள்கிறது. யூதர்களைப் பற்றிய ஒருவிதப் பார்வை, அது யூதர்கள் மீதான வெறுப்பாக வெளிப்படலாம் என்ற அளவில் மிகப் பொதுவாகத் தொடங்கும் இரண்டு வாக்கியங்கள்தான் வரையறை. சிக்கல் அதன் கீழே உள்ள 11 எடுத்துக்காட்டுகளில் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை இஸ்ரேலோடு தொடர்புடையவை.

சில எடுத்துக்காட்டுகளில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க நியாயமில்லை. இஸ்ரேல் அரசின் செயலுக்காக உலகெங்கும் உள்ள யூதர்களைக் கூட்டாகப் பொறுப்பாளியாக்குவது அப்பட்டமான வெறுப்புதான். ஆனால் இஸ்ரேல் என்ற அரசின் இருப்பே ஓர் இனவாத முயற்சி என்று கூறுவது, இன்றைய இஸ்ரேலின் கொள்கையை நாஜிகளின் கொள்கையோடு ஒப்பிடுவது, வேறெந்த ஜனநாயக நாட்டிடமும் எதிர்பார்க்காத நடத்தையை இஸ்ரேலிடம் மட்டும் எதிர்பார்ப்பது ஆகியவையும் சூழலைப் பொறுத்து யூத வெறுப்பாகலாம் என்று அதே பட்டியல் சொல்கிறது. இவற்றில் முதல் இரண்டும் தவறான கருத்துகளாகவோ, வரலாற்று அறிவில்லாத கருத்துகளாகவோ, கேட்பவர் மனத்தைப் புண்படுத்தும் கருத்துகளாகவோ இருக்கலாம். எப்படியிருந்தாலும் அவை ஓர் அரசைப் பற்றிய கருத்துகள். மூன்றாவதை நடைமுறையில் அளப்பது எப்படி? திபெத்துக்காக வாழ்நாள் முழுவதும் குரல் கொடுத்தவரிடம் போய், மேற்கு சஹாராவுக்காக நீங்கள் ஏன் ஊர்வலம் போகவில்லை என்று யாரும் கேட்பதில்லை. மனிதர்கள் தங்களுக்கு நெருக்கமான ஒரு துயரத்தைத்தான் முதலில் பேசுவார்கள்.

இந்த வரையறையின் முதல் வடிவம் 2005-இல் உருவானபோது அதை எழுதுவதில் முதன்மைப் பங்காற்றியவர் கென்னத் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க யூத வழக்கறிஞர். ஐரோப்பாவின் பல நாடுகளில் யூத வெறுப்புச் சம்பவங்களைக் கணக்கெடுப்பவர்கள் ஆளுக்கொரு அளவுகோல் வைத்திருந்ததால், பொதுவான ஒன்று வேண்டும் என்பதற்காகவே அது எழுதப்பட்டது. பல்கலைக்கழகங்களில் பேச்சைக் கட்டுப்படுத்த அது பயன்படக் கூடாது என்று அவரே 2017-இல் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். 2019-இலும் பத்திரிகையில் எழுதினார். நெல் அளக்க வைத்த மரக்காலை எடுத்து ஆளை அடித்தால், மரக்கால் செய்த தச்சருக்கு வருத்தம் இருக்கத்தானே செய்யும்.

2024-இல் எதிர்த்து வாக்களித்த 91 பேரும் ஒரே காரணத்துக்காக எதிர்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கின் மூத்த யூத உறுப்பினரான ஜெரி நாட்லர் பேச்சுரிமையை முன்வைத்து எதிர்த்தார். குடியரசுக் கட்சியின் மார்ஜரி டெய்லர் கிரீன், யூதர்கள் இயேசுவைக் கொன்றார்கள் என்ற பழியும் எடுத்துக்காட்டுகளில் இடம்பெற்றிருப்பதால் எதிர்த்தார். ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் யூதர்களின் வீடுகளை எரிக்கத் துணைநின்ற பழி அது. யூத வெறுப்பைப் பற்றிய அச்சம் வெறும் கற்பனை என்று நினைப்பவர்கள் இந்த இரண்டாவது காரணத்தைச் சற்று யோசித்துப் பார்க்கலாம்.

கேள்வி: அரபிகளும் செமிட்டிக் இனத்தவர்தானே? அவர்கள் எப்படி ‘ஆன்டி-செமிட்டிக்’ ஆக முடியும்?
— வாசகர், காயல்பட்டினம்

சொல்லின் வேரைக் கொண்டு பொருளை முடிவுசெய்ய முடியாத இடங்களில் இதுவும் ஒன்று. ‘செமிட்டிக்’ என்பது எபிரேயம், அரபு, அம்ஹாரிக் முதலிய மொழிகளின் குடும்பப் பெயர். 1879-இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் மார் என்ற எழுத்தாளர், யூதர்கள் மீதான தம் வெறுப்புக்கு அறிவியல் சாயம் பூசுவதற்காக ‘ஆன்டி-செமிட்டிசம்’ என்ற சொல்லைப் பரப்பினார். அன்று முதல் அது யூதர்களை மட்டுமே குறித்து வந்திருக்கிறது. இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் நான் தமிழில் யூத வெறுப்பு என்றே எழுதுகிறேன்.

கேள்வி: இலங்கை அரசைக் கண்டித்து நாங்கள் ஊர்வலம் போனால், சிங்கள மக்களை வெறுக்கிறீர்கள் என்று பழி சொல்பவர்கள் இங்கே உண்டு. அரசைக் கண்டிப்பதற்கும் மக்களை வெறுப்பதற்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது?
— வாசகர், டொரொண்டோ

உங்கள் மாகாணமான ஒன்டாரியோவின் அமைச்சரவையும் 2020 அக்டோபரில் அதே ஐ.எச்.ஆர்.ஏ. வரையறையை ஏற்றிருக்கிறது. ஆகவே உங்களுக்கு இது அக்கம்பக்கத்து விவகாரம்தான்.

என் மனத்தில் உள்ள கோடு எளியது. சொல் எந்த வாசலில் போய் நிற்கிறது என்று பார்க்கிறேன். தூதரகத்தின் வாசலில், அமைச்சகத்தின் வாசலில், ஆயுதம் விற்கும் நிறுவனத்தின் வாசலில் நின்றால் அது அரசியல். ஒரு யூதத் தொழுகைக்கூடத்தின் வாசலில், யூத மத விதிப்படி இறைச்சி விற்கும் கோஷர் கடையின் வாசலில், விடுதியில் ஒரு யூத மாணவியின் அறைக் கதவில் போய் நின்றால், எழுதியிருப்பது காசாவைப் பற்றிய வாசகமாகவே இருந்தாலும் அது அவளைக் குறிவைத்த மிரட்டல். அவள் இஸ்ரேலின் குடிமகள் அல்ல, அங்கே வாக்களிப்பவளும் அல்ல. யூதப் பெண்ணாக இருப்பதால் மட்டுமே அந்தக் கதவு தேர்ந்தெடுக்கப்பட்டது. 1983 ஜூலையில் கொழும்பில், வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு வீடுவீடாகத் தமிழர்களைத் தேடி வந்தவர்களிடம், வடக்கே நடந்த தாக்குதலுக்கும் வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு குமாஸ்தாவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? அதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க் நகரின் தொழுகைக்கூடம் ஒன்றில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் பாலஸ்தீனத்துக்காக நின்றவன் அல்ல. குடியேறிகளுக்கு யூதர்கள் உதவுகிறார்கள் என்று வெறுத்த வெள்ளை இனவெறியன். 2025 மே 21 அன்று வாஷிங்டனில் யூத அருங்காட்சியகம் ஒன்றுக்கு வெளியே இஸ்ரேல் தூதரக ஊழியர்கள் இருவர் கொல்லப்பட்டபோது, கைதானவர் பாலஸ்தீன விடுதலை முழக்கத்தை எழுப்பினார். வெறுப்பு இரு பக்கங்களிலிருந்தும் வருகிறது. இரண்டு சம்பவங்களிலும் நடந்தது கொலை. அதைத் தண்டிக்கப் புதிய வரையறை எதுவும் தேவைப்படவில்லை.

கோடு மங்கலாகும் இடங்களும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. உலகத்தின் வங்கிகளையும் பத்திரிகைகளையும் ஆட்டிவைப்பவர்கள் என்று யூதர்களைப் பற்றிச் சொல்லிவந்த பழைய கதையை, ‘யூதர்’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு ‘சியோனிஸ்ட்’ (யூதர்களுக்குத் தனி நாடு வேண்டும் என்ற கொள்கையினர்) என்று மாற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பேச்சு அரசைப் பற்றியது போல ஒலிக்கும்; குறி மக்கள்மீது இருக்கும். இன்னொரு பக்கம், யோர்தான் ஆறு முதல் மத்தியதரைக் கடல் வரை பாலஸ்தீனம் விடுதலை பெறும் என்னும் ‘ஆற்றிலிருந்து கடல்வரை’ என்ற முழக்கத்தை எடுத்துக்கொண்டால், அதை எழுப்புபவர்களில் சமத்துவம் வேண்டுபவரும் உண்டு, இஸ்ரேலே இருக்கக் கூடாது என்பவரும் உண்டு. 2024 ஏப்ரலில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 377-க்கு 44 என்ற வாக்குகளில் அதை யூத வெறுப்பு முழக்கம் என்று கண்டித்தது. ஜெர்மனியிலோ அதே முழக்கத்துக்கு ஒரு நீதிமன்றம் விடுதலையும் இன்னொன்று தண்டனையும் அளித்திருக்கின்றன. ஐந்தாறு சொற்களின் பொருளை நீதிபதிகளாலேயே ஒருமுகமாகச் சொல்ல முடியாதபோது, அந்தச் சொற்களைக் குற்றமாக்கும் சட்டம் யாரைப் பிடிக்கும் என்பது அன்றைய அரசின் விருப்பத்தைப் பொறுத்ததாகிவிடும்.

கேள்வி: பொருட்களைப் புறக்கணிப்பதற்கும் தடை உண்டாமே? ஒரு நாட்டுச் சாமானை வாங்க மாட்டேன் என்பது என் பணம், என் விருப்பம் அல்லவா?
— வாசகர், தூத்துக்குடி

அந்நியத் துணியைக் கொளுத்திய நாட்டில், அதுவும் சுதேசிக் கப்பல் ஓடிய ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்திருப்பதில் வியப்பில்லை. 2015 முதல் அமெரிக்காவின் 30-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் இஸ்ரேலைப் புறக்கணிப்போருக்கு எதிராகச் சட்டமோ ஆணையோ இயற்றியிருக்கின்றன. தனி மனிதர் கடையில் என்ன வாங்குகிறார் என்பதை அவை தொடுவதில்லை. அரசோடு ஒப்பந்தம் செய்துகொள்பவர், இஸ்ரேலைப் புறக்கணிக்க மாட்டேன் என்று எழுதித் தர வேண்டும் என்பதே பெரும்பாலானவற்றின் வடிவம்.

அது எவ்வளவு விசித்திரமான இடங்களுக்குப் போனது என்று பாருங்கள். 2017-இல் ஹார்வி புயல் டெக்சஸ் மாநிலத்தைப் புரட்டிப் போட்ட பிறகு, டிக்கின்சன் என்ற சிற்றூரின் நகராட்சி, வீட்டைப் பழுதுபார்க்க நிவாரணம் கேட்டவர்களின் விண்ணப்பத்தில் இஸ்ரேலைப் புறக்கணிக்க மாட்டேன் என்ற உறுதிமொழியைச் சேர்த்தது. கூரை இழந்தவர் அதில் கையொப்பமிட வேண்டும். கேலிக்கு ஆளான பின்பே அது நீக்கப்பட்டது. அதே மாநிலத்தில் ஆஸ்டினுக்கு அருகே, அரபு பேசும் சிறுவர்களுக்கு ஒன்பது ஆண்டுகளாகப் பேச்சுப் பயிற்சி அளித்துவந்த ஒரு பெண், ஒப்பந்தப் புதுப்பிப்பில் அந்த வரியைக் கண்டு கையொப்பமிட மறுத்து வேலையை இழந்தார். 2019 ஏப்ரலில் நீதிமன்றம் அந்தச் சட்டத்துக்கு இடைக்காலத் தடை விதித்ததும், சட்டமன்றம் உடனே அதைத் திருத்தி, குறைந்தது பத்து ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கும் ஒரு லட்சம் டாலருக்குக் குறையாத ஒப்பந்தங்களுக்கும் மட்டும் என்று சுருக்கிக்கொண்டது. வழக்கு போட்டவரை வெளியே விட்டுவிட்டுச் சட்டத்தை வைத்துக்கொள்ளும் உத்தி அது.

ஆர்கன்சாவில் அந்த உத்தி தேவைப்படவே இல்லை. ‘ஆர்கன்சா டைம்ஸ்’ என்ற பத்திரிகை, அரசுக் கல்லூரி ஒன்றின் விளம்பரங்களை வெளியிட்டுவந்தது. உறுதிமொழியில் கையொப்பமிடு, இல்லையேல் கட்டணத்தில் 20 விழுக்காட்டைக் குறைத்துக்கொள் என்றது சட்டம். அந்தப் பத்திரிகை இஸ்ரேலைப் புறக்கணித்ததே இல்லை. அப்படியொரு எண்ணமும் அதற்கு இல்லை. விளம்பரத்துக்காக அரசுக்கு அரசியல் வாக்குறுதி தர மாட்டோம் என்பதற்காகவே அது நீதிமன்றம் போனது. 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு, வாங்குவதும் வாங்காமல் இருப்பதும் வணிகச் செயல், பேச்சு அல்ல என்று மாநிலத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை விசாரிக்க மறுத்துவிட்டது. மிசிசிப்பியில் கறுப்பின மக்கள் வெள்ளையர் கடைகளைப் புறக்கணித்த இயக்கம் அரசியல் வெளிப்பாடு, அதற்கு அரசியலமைப்பின் பாதுகாப்பு உண்டு என்று 1982-இல் தீர்ப்பளித்ததும் அதே உச்ச நீதிமன்றம்தான். இரண்டையும் சேர்த்துப் படிக்கையில் எனக்கு உடன்பாடு 1982-ஆம் ஆண்டுத் தீர்ப்போடுதான்.

ஐரோப்பாவில் வேறு திசையில் ஒரு தீர்ப்பு உண்டு. 2009-இலும் 2010-இலும் பிரான்சின் மூலூஸ் நகரை ஒட்டிய இல்சாக்கில், ஒரு பெரிய பல்பொருள் அங்காடிக்குள் சிலர் சென்றார்கள். இஸ்ரேலிலிருந்து வந்ததாகத் தாங்கள் கருதிய பொருட்களைத் தள்ளுவண்டிகளில் எடுத்து வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வைத்து, வாங்காதீர்கள் என்று துண்டறிக்கை கொடுத்தார்கள். எதையும் உடைக்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை. முதல் நீதிமன்றம் விடுதலை செய்தது. கோல்மார் மேல்முறையீட்டு நீதிமன்றம், பாகுபாட்டைத் தூண்டினார்கள் என்று தண்டித்தது. பிரான்சின் உச்ச நீதிமன்றம் 2015-இல் அதை உறுதிசெய்தது. ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2020 ஜூன் 11 அன்று, இது பொதுநலன் சார்ந்த அரசியல் பேச்சு, கருத்துரிமை மீறப்பட்டிருக்கிறது என்று ஒருமனதாகக் கூறியது. அதே வேளையில், வன்முறையையோ வெறுப்பையோ தூண்டினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது என்பதையும் அது மறக்கவில்லை. யூதர் நடத்தும் கடையில் வாங்காதே என்று 1933-இல் நாஜிகள் வாசலில் ஆள் நிறுத்தியதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்தத் தள்ளுவண்டியிலேயே இருக்கிறது: அதில் இருந்தது ஒரு நாட்டின் ஏற்றுமதிச் சரக்கு; விற்றவரின் மதத்தை யாரும் கேட்கவில்லை.

கேள்வி: என் மகள் மேற்படிப்புக்காக அமெரிக்கா செல்ல இருக்கிறாள். கருத்துச் சொன்னால் விசா போய்விடுமா?
— வாசகி, கோயம்புத்தூர்

உங்கள் கவலை வீணானதல்ல. 2025 மார்ச்சில், டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துவந்த துருக்கிய மாணவி ஒருவரை முகமூடி அணிந்த அதிகாரிகள் தெருவில் வைத்துக் கைது செய்தார்கள். மாணவர் பத்திரிகையில் இஸ்ரேல் தொடர்பாகப் பல்கலைக்கழகத்தை விமர்சித்து வேறு சிலரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியிருந்தார் என்பதைத் தவிர அவருக்கு எதிராக வெளியில் வந்தது ஏதுமில்லை. ஆறு வாரங்களுக்குப் பிறகே நீதிமன்ற உத்தரவால் வெளியே வந்தார். அந்த ஆண்டின் செப்டம்பர் இறுதியில் பாஸ்டன் நகரின் கூட்டாட்சி நீதிபதி ஒருவர், சட்டப்படி அமெரிக்காவில் இருக்கும் அயல்நாட்டவருக்கும் குடிமக்களுக்கு உள்ள அதே பேச்சுரிமை உண்டு என்று தீர்ப்பளித்தார். உரிமை உண்டுதான்; ஆனால் அதை நிலைநாட்டுவதற்குள் ஆறு வாரம் தடுப்புக்காவலில் இருக்க நேரலாம். மகளுக்கு வயது வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிரு என்று நான் அவளுக்குச் சொல்ல மாட்டேன். சேர்ந்ததும் பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தையும், இலவசச் சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் இல்லை என்பது நிம்மதி. இங்கே எந்த வெளிநாட்டையும் விமர்சிக்கலாம் அல்லவா?
— வாசகர், சென்னை

அவசரப்பட்டு நிம்மதி அடைய வேண்டாம். கருத்துரிமைக்கு எந்தெந்தக் காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்று நம் அரசியலமைப்பின் 19(2) பிரிவு பட்டியலிடுகிறது. அதில் ‘அயல்நாடுகளுடனான நட்புறவு’ என்பதும் ஒன்று. யூத வெறுப்பு என்ற வரையறையின் வழியாகச் சுற்றி வளைத்து மற்ற நாடுகள் தேடும் அதிகாரத்தை நாம் 1951-லேயே நேராக எழுதி வைத்துக்கொண்டோம்.

அந்தக் கதையின் தொடக்கம் உங்கள் ஊரில்தான். பம்பாயிலிருந்து வெளிவந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ வார இதழ் மாகாணத்துக்குள் நுழையக் கூடாது என்று சென்னை அரசு தடை விதித்தது. ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் போனார். 1950 மே மாதம் அவர் வென்றார். அந்தத் தீர்ப்பும் அதையொட்டி வந்த வேறு சில தீர்ப்புகளும் நேரு அரசை உறுத்த, அடுத்த ஆண்டே முதலாவது அரசியலமைப்புத் திருத்தம் வந்து, பொது ஒழுங்கு, குற்றத்துக்குத் தூண்டுதல் ஆகியவற்றோடு அயல்நாட்டு நட்பையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. எந்த நாடு என்று அது பெயர் சொல்லவில்லை. யூதரைக் காப்பதற்கோ வேறொரு சிறுபான்மையைக் காப்பதற்கோ என்ற நோக்கமும் அதில் இல்லை. காப்பாற்றப்படுவது நட்பு மட்டுமே.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1950 ஜனவரியில் குடியரசு பிறப்பதற்கு மூன்று நாள் முன்பு பிறப்பிக்கப்பட்ட ஆணை ஒன்று, காமன்வெல்த்தில் உள்ள எந்த நாடும் அரசியலமைப்பின் நோக்கத்துக்கு அயல்நாடு ஆகாது என்று அறிவித்தது. அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால், இலங்கை அரசை எவ்வளவு கடுமையாகக் கண்டித்தாலும் ‘அயல்நாட்டு நட்புறவு’ என்ற காரணத்தைக் காட்டி உங்கள் வாயை அடைக்க முடியாது. இஸ்ரேல் காமன்வெல்த்தில் இல்லை.